ஹந்தானையில் ஓடிய காலை

என் மகளுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. நான் அப்போது கண்டி நகரத்தில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்தேன். வீடு கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. கண்டி ஆஸ்பத்திரி வார்ட்டில் பிள்ளையோடு தாய் மட்டும்தான் தங்கலாம். பார்வை நேரம் முடிந்ததும் தகப்பன்மார் வெளியே வந்துவிட வேண்டும். தூரத்துத் தோட்டங்களுக்குப் பஸ் கிடைக்காதவர்கள் ஆஸ்பத்திரி மதிலோரம் சாய்ந்துகொள்வார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன்.

அந்த மாதங்கள் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. மருந்து வாசனையும் தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியும் நினைவிருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை. சில நாள் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும். சில நாள் பனியில் இல்லாமலே போய்விடும்.

அதே வார்ட்டில் தன் மகனை இழந்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் படிப்பித்தார். மகன் போய் ஒரு வருடம் கழித்து, ஒருநாள் பெயர் எழுத ஒரு கொப்பியோடு வார்ட்டு வாசலுக்கு வந்தார். ஹந்தானைத் தேயிலைப் பாதையில் ஓர் ஓட்டம் நடத்தப் போவதாகச் சொன்னார். ஓடுகிறவர்களுக்காக ஊரார் பணம் தருவார்கள். அதை வைத்து, இந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் தங்க ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு வீடு எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"ஓட ஆக்கள் வேணும். நீங்கள் வாறீங்களோ?"

"எனக்கு ஓடத் தெரியாதுங்க சேர். பஸ்ஸைப் புடிக்கத்தான் ஓடியிருக்கேன்."

"அது போதும்," என்றார்.

மகளிடம் சொன்னேன். அவள் மலையைப் பார்த்தாள்.

"செவப்பு சட்டை போடுங்கப்பா. நான் இங்கருந்து பாக்குறேன்."

"அவ்வளவு தூரத்துல அப்பா எறும்பு மாதிரிகூட தெரியமாட்டேன் பாப்பா."

"செவப்பு எறும்பு தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை மலை முழுவதும் பனி. மச்சினனிடம் இரவல் வாங்கிய சிவப்புச் சட்டையோடு ஓடினேன். தோட்டத்து லயங்களில் குடியிருந்த பெண்கள் பாதையோரம் நின்று கைதட்டினார்கள். முகங்கள் தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னால் ஓடியவர்களின் காலடிச் சத்தமும் கரைந்துபோயிற்று. என் மூச்சும் நானும் மட்டும் எங்கோ மிதந்துகொண்டிருப்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனேன் என்று தெரியாது.

ஒரு வளைவில், கல்லின்மேல் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போனவர்.

"கால் பெரண்டுருச்சா சேர்?"

"இல்லை. மகனோட ஒருக்கா இதால வந்தனான். அண்டைக்கும் இப்பிடித்தான் பனி. எனக்கு முன்னால ஓடிப்போய் மறைஞ்சிட்டான். கூப்பிட்டன். சிரிச்சுக்கொண்டு திரும்பி வந்தவன்."

அவர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்பதே அந்த இடத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சேர், வார்ட்டு ஜன்னலுக்கு நேரா தெரியிற எடம் எது? மக பாத்துக்கிட்டு இருப்பா."

அவர் தலை நிமிர்ந்தது. அதே ஜன்னலில் மாதக்கணக்காக நின்று இந்த மலையைப் பார்த்தவர் அவர்.

"தெரியும். வாங்கோ."

ஒற்றை மரம் நின்ற ஒரு மேட்டுக்குக் கூட்டிப் போனார். கீழே நகரம் இல்லை, குளம் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. எங்கும் வெள்ளை. "அந்தப் பக்கம்," என்று விரலால் காட்டினார். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். சிறிது நேரத்தில் அவரும் ஆட்டினார். வளர்ந்த ஆண்கள் இருவர், ஒன்றுமே தெரியாத திசையைப் பார்த்து, கை வலிக்கும்வரை.

அன்று மாலை வார்ட்டுக்குள் நுழைந்ததும் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பாத்தேன்ப்பா! ரெண்டு பேரும் கை காட்டினீங்க."

என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "காலைலருந்து அந்தப் பக்கம் வெள்ளையாத்தாங்க இருந்துச்சு. கனா கண்டிருப்பா."

இரண்டு பேர் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஓம், கண்டிருப்பாள்," என்றார். அவ்வளவுதான்.

வீடு கிடைத்தது. மூன்று அறை, ஒரு சமையலறை. தகப்பன்மார் அங்கே பருப்பு வேகவைக்கப் பழகி, விடியலில் வார்ட்டுக்குச் சுடச்சுடச் சோறு கொண்டுபோனார்கள். எங்களோடு அங்கே தங்கியவர்களில் இரண்டு குடும்பங்கள் பிள்ளை இல்லாமல் ஊர் திரும்பின. அந்த நாட்களில் வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

என் மகள் பிழைத்துக்கொண்டாள். இப்போது பத்தாம் ஆண்டு படிக்கிறாள். ஓட்டத்தில் அவளுக்கு ஆர்வமே இல்லை, சித்திரம் கீறுகிறாள். ஓட்டம் வருடாவருடம் நடக்கிறது. ஆசிரியரும் நானும் பேசிக்கொண்டே நடப்பதால் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேர்கிறோம்.