அரை இஞ்ச் பிடித்துக் கொடுத்தவள்

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, திரை போட்டு மறைத்த ஒரு மூலை, அதுதான் கடை. பின்னால் ஒரு அறையும் சமையலறையும், அதுதான் வீடு. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகம் காட்டுவார். அவளும் இரண்டு பெண்களும்தான் எப்போதும்.

புதுத்துணி தைக்க அவளிடம் அதிகம் பேர் வருவதில்லை. தொளதொளவென்று ஆகிப்போனதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இறுகிப்போனதைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும் என்றால் நாலு தெரு தாண்டி வருவார்கள். கைவேலை ஒரு காரணம். அவள் வாய் இன்னொரு காரணம். அதாவது, அந்த வாய் திறக்காது.

தொழில் பழகிய கடையில் அளவெடுக்கிறவர் ஒருவர் இருந்தார். "என்னம்மா, போன தடவைக்கு ரெண்டு சுத்து பெருத்துட்டீங்களே?" என்று ஊருக்கே கேட்கும்படி சிரிப்பார். கண் கலங்கிப் போன பெண்கள் திரும்பி வரவில்லை. அன்றைக்கே டெய்லரக்கா முடிவு செய்துகொண்டாள்: துணியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்பது, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிள்ளை பெற்றவள், புருஷன் விட்டுப் போனதில் பாதியாகிப் போனவள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தவள் என்று யாராக இருந்தாலும் டேப்பை வைப்பாள், எண்ணை அளவு நோட்டில் எழுதுவாள், "வியாழக்கிழமை வாங்கிக்கோங்க" என்பாள். இருபது வருடமாக இதே மரியாதை. தங்கமான குணம் என்று ஊரே சொன்னது. அந்தத் தங்கத்தை அவள் முன்னறையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா!

பெரியவளுக்குப் பதினைந்து வயது. பள்ளி திறந்த இரண்டாவது மாதம் யூனிஃபார்ம் பாவாடையை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இடுப்பு நிக்க மாட்டேங்குதும்மா."

டேப் சுற்றினாள். அரை இஞ்ச் குறைவு. நோட்டில் எழுதினாள். "கைல வேல நெறைய இருக்கு, வியாழக்கிழமை வாங்கிக்க" என்றாள். பெரியவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போனாள்.

பரீட்சை சமயத்தில் மறுபடி வந்தாள். இன்னொரு அரை இஞ்ச். அப்போது அவள் பள்ளி விட்டு வந்தால் பையைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவளாக ஆகியிருந்தாள். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும். தலை வாரச் சொன்னால் எரிந்து விழுவாள். வாலிபால் டீமில் இருந்தவள் பந்தைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டாள். "ஏன்க்கா?" என்று சின்னவள் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். டெய்லரக்காவுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இல்லை. வயசு அப்படி, போகப்போகச் சரியாகும் என்று நினைத்தாள். அந்த வயதில் தானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள்தானே என்றும் நினைத்தாள்.

வகுப்பு டீச்சர் போன் செய்தார். "ரெண்டு மாசமா யார்கிட்டயும் பேசறதில்லம்மா. நல்லா எழுதுற பொண்ணு, இப்ப வெறும் பேப்பரைக் குடுக்குறா. திட்டுற விஷயமா எனக்குத் தெரியல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

"சரிங்க டீச்சர், கையில இருக்கற ஆர்டர் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

ஆர்டர் முடிந்தது, அடுத்தது வந்தது. டெய்லரக்காவைக் கேட்டால், நேரமே இல்லை என்பாள். நேரமா இல்லை? பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று தெருவில் பேசுவார்களே என்ற பயம். அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவது தடவை பெரியவள் வந்தபோது டேப் முக்கால் இஞ்ச் குறைவு காட்டியது. டேப் பிடித்த கை இடுப்பெலும்பில் இடித்தது. கேட்க வாயெடுத்தாள். இருபது வருடப் பழக்கம் தடுத்தது. பெண்பிள்ளை, கேட்டால் கூசிப்போவாள் என்று விட்டுவிட்டாள். "வியாழக்கிழமை வாங்கிக்க."

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் யூனிஃபார்ம் பாவாடை இரண்டையும் மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே கைக்கடிகாரம், ஜியாமெட்ரி பாக்ஸ்.

"தங்கச்சிக்குக் குடுத்துடும்மா. அவளுக்கு ஆகும்."

அன்றைக்கு முகம் தெளிவாக இருந்தது. பல வாரம் கழித்துத் தலை வாரியிருந்தாள். டெய்லரக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பிள்ளை தேறிவிட்டாள், பொறுப்பும் வந்துவிட்டது என்று பூரித்தாள். பாவி மனுஷி, பாட்டுகூட முணுமுணுத்தாள்.

சின்னவளின் அளவுக்கு மாற்ற இடுப்புப் பட்டியைப் பிரித்தாள். உள்பக்கம் திருப்பினால், பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. அவள் கையால் பிடித்த மூன்று வரி. சின்னவளுக்கு எதுவரை விடலாம் என்று கணக்குப் போட்டாள். மேலிருந்து இரண்டாவது வரி போதும். நாளைக்கே போட்டுப் போகலாம். நாளைக்குத் திங்கள்.

கை நின்றது. இருக்கிற பாவாடையே இரண்டுதான். இரண்டும் இங்கே இருக்கின்றன. அப்படியானால் பெரியவள் நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவாள்?

பிரித்த பாவாடையும் கையுமாக எழுந்து ஓடினாள். ஸ்டூல் உருண்டது. உள்ளே பெரியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூச்சு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் டெய்லரக்காவுக்குத் தன் மூச்சு வந்தது.

"நாளைக்கு எதைடி போட்டுட்டுப் போவே?"

"நாளைக்கு எனக்கு எதுவும் வேணாம்மா."

துணியைத் தவிர யாரிடமும் எதுவும் கேட்காத அந்த வாய், இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டது. "செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறியா கண்ணு?"

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலை லேசாக அசைந்தது. ஆமாம் என்றுதான் அசைந்தது.

சின்னவளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடாமல் ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், பெரியவளிடம் தனியாக வெகுநேரம் பேசியபின் டெய்லரக்காவையும் உள்ளே கூப்பிட்டார்.

"இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். தனியா விட வேணாம். இது வயசுக் கோளாறு இல்லம்மா, நோய். மருந்து இருக்கு, பேசிப் பாக்கறதும் இருக்கு. ஆனா நாளாகும். இன்னைக்காவது வந்தீங்களே. எப்பேர்ந்து இப்படி இருக்கா, ஏதாவது தெரியுமா?"

"தெரியலங்க" என்று சொல்ல வாய் திறந்தாள். பாவாடை இன்னும் கையில் கசங்கிக் கிடந்தது. மேசையில் விரித்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள்.

"இந்த வரி ஸ்கூல் தொறந்த ரெண்டாம் மாசம் டாக்டர். இது பரீட்சை சமயம். இது போன மாசம். தேதியெல்லாம் நோட்டுல இருக்கு. எல்லாத்தையும் நானேதான் எழுதினேன்."

பெரியவள் அந்தத் துளைகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. குரல் தட்டையாக, யார் கதையையோ சொல்வதுபோல் வந்தது.

"ஒரு ஊக்கு குத்திட்டே போயிருக்கலாம்மா. நீ ஏன்னு கேப்பேன்னுதான் கொண்டு வந்தேன். மூணு தடவையும் வியாழக்கிழமை வாங்கிக்கன்னு சொன்னே."