மஞ்சள் ஒட்டாத விரல்கள்

பச்சை மஞ்சளை மலைக்குளிரில் உரசினால் ஒரு வாடை வரும். சமவெளியில் அது வெறும் சமையலறை மணம். எங்கள் கேமரன் மலையில், பனி மூக்கு நுனியில் வந்து நிற்கிற விடிகாலையில், அது கிளறிவிட்ட ஈரமண்ணைப்போல எழுந்து, நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்து, மூன்று நாள் கழுவினாலும் இறங்காது. ஐம்பதைத் தொடப்போகிற இந்த வயதிலும் தானா ராத்தாக் கடைத்தெருவில் மஞ்சள் கிழங்கு குவித்த கூடையைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறேன், அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. என் பத்தாவது வயதில் இந்த விரல்களில் ஒட்டியிருக்க வேண்டிய மஞ்சள் ஒட்டவில்லை. ஒட்டாததை நானே ஒட்டவைத்தேன். இதை எழுத எனக்கு நாற்பது வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

பூங்கா என்கிற நடிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் முகம் நினைவிருக்கும். ஒரு பிரெஞ்சுப் படத்தில் மகனைத் தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைகிற அகதித் தாய்; லண்டனில் எடுத்த படத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிற மருத்துவமனைத் தாதி; ஒரு ஜப்பானியப் படத்தில் கடைசிவரை ஒரு சொல்லும் பேசாமல் மீன் நறுக்குகிறவள். தெரியாத மொழிகளை வெறும் ஒலியாக மனப்பாடம் செய்து, அந்த ஊர்க்காரர்களையே அழவைத்தவர். பேட்டிகளில் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிற நிபந்தனை ஒன்று உண்டு: எந்த நாட்டுப் படமானாலும் கல்யாணக் காட்சியில் மட்டும் நடிக்கமாட்டார். சினிமா பற்றி எழுதுகிறவர்கள் அதற்குப் பெரிய பெரிய காரணங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காரணம் சிறியதுதான். அதற்கு அப்போது பத்து வயது, இரட்டைப் பின்னல்.

எங்களுக்கு அவர் பூங்காவனம் அக்கா. ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அப்பா இல்லை. அம்மா முனியம்மா அத்தை கொழுந்து எடுக்கிறவர். அக்காவும் பத்தொன்பது வயதில் அதே மலைச்சரிவில் அதே கூடையோடு நின்றவர்தான். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய மாமன் மகனுக்கு, அதாவது அத்தையின் சொந்த அண்ணன் மகனுக்கு, அவரை நிச்சயம் செய்திருந்தார்கள். தை பிறந்தால் கல்யாணம் என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் வெளிதேசத்துப் படக்காரர்கள் வந்தார்கள். விடிகாலையில் வேலையாட்கள் எல்லோரும் களத்தில் வரிசை கட்டி நிற்க, மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பெயர் படிக்க, ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். அதற்கு எங்கள் ஊரில் "பெரட்டு" என்று பெயர். லைன் "படக்காரத் துரை" என்று பட்டம் சூட்டிய அந்த இயக்குநர், ஒரு வாரம் பெரட்டுக்களத்து ஓரமாகக் கம்பளிக்குள் சுருண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் கலையாத நூறு குரல்களுக்கு நடுவே பூங்காவனம் அக்காவின் "இருக்கேன்" மட்டும் யாரிடமோ சண்டைக்குப் போவதுபோல வரும். அதைக் கேட்டுத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாராம். தோட்டத்துத் துரையே வீட்டுக்கு ஆளனுப்பிச் சொன்ன பிறகு அத்தையால் மறுக்க முடியவில்லை.

கதைப்படி ஒரு கொழுந்துக்காரப் பெண், கங்காணி மகனைக் கட்டிக்கொள்கிறாள். படக்காரத் துரைக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். எங்கள் மாரியம்மன் கோயில், எங்கள் பூசாரி, எங்கள் மேளம், அட்சதை போட எங்கள் ஜனம். மாப்பிள்ளை மட்டும் கோலாலம்பூர் நடிகர், வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். தாலி கட்டுகிற முறையைப் பூசாரி விளக்கியபோது, முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் அவர் கூடப்பிறந்தவள் போடுவாள் என்று சொல்லிவிட்டார். அது துரைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை வேண்டும் என்று கூட்டத்தைத் துழாவிய அவருடைய விரல், முன்வரிசையில் வாயைத் திறந்துகொண்டு நின்ற என்மேல் வந்து நின்றது.

முனியம்மா அத்தை என்னைக் கோயில் பின்புறம் கூட்டிப்போய், பாவாடையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, காதோடு சொன்னார். "பாப்பா, நெசமா முடிச்சுப் போட்றாத. கைய மட்டும் ஆட்டு. அக்காவுக்கு மாமன் மவன் இருக்கான்ல? ஒரு முடிச்சோட நின்னா அது வெறும் கயிறு. நான் அவுத்துக்குவேன்."

தலையாட்டினேன். சொன்னபடியே செய்தேன். மேகம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்ததால் ஒரே தடவைதான் எடுக்க முடிந்தது. நிறம் நன்றாகத் தெரிய வேண்டுமென்று மஞ்சளில் முக்கி முக்கி எடுத்த கயிறு அக்காவின் பின்கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நடிகர் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். நான் கயிற்றைத் தொடாமல், அதற்கு ஒரு நூலிழைத் தூரத்தில், காற்றில் இரண்டு முடிச்சுப் போட்டேன். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போடச் சொன்னால் போட்டுவிட்டுப் போகிற ஜனமா எங்கள் ஜனம்? கிழவிகள் நெட்டி முறித்தார்கள், அழுதார்கள். யாரோ ஒருவர் மொய் கொண்டுவரவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். நடிக்க வந்தவர்கள் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டார்கள். பிறகு வந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் ராணி. கேமரா என் விரலைத்தான் கிட்டத்தில் எடுத்தது என்றும், இரண்டு முடிச்சையும் இறுக்கியது நான்தான் என்றும் அளந்துகொண்டிருந்தேன். ஒருத்தி நம்பவில்லை. "அப்படின்னா கையக் காட்டுலா, மஞ்சள் எங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குளித்ததில் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய், அம்மா உரசுகிற கல்லில் மஞ்சளை உரசிப் பத்து விரலிலும் பூசி, அடுப்புப் பக்கம் காயவைத்துக்கொண்டேன். அடுத்த நாள் கையைக் காட்டினேன். குளித்தால் போகிற மஞ்சள் ஒருநாள் கழித்து எப்படித் திரும்பி வந்தது என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

லைனில் அதற்குள் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. அம்மன் சந்நிதி, பூசாரி வாயால் மந்திரம், ஊர் போட்ட அட்சதை. இன்னும் என்ன வேண்டும், அந்தப் பெண் தாலி ஏறியவள்தானே என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் சொன்னார்கள். கோலா தெர்லாவிலிருந்து அக்காவின் மாமா வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பூசாரி, தான் தீபத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். கயிற்றில் ஒரே முடிச்சுத்தான் விழுந்தது என்று அக்கா சொன்னபோது, "ஒனக்கென்ன பொடரியில கண்ணா இருக்கு?" என்று ஒருத்தர் கேட்க, மண்டபமே சிரித்தது. அப்போது முனியம்மா அத்தை எழுந்தார்.

"நான்தான அவுத்தேன். அம்மன் மேல சத்தியமா ஒரு முடிச்சுத்தான் இருந்துச்சு, அண்ணே."

பெத்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று முணுமுணுத்தார்கள். என்னை நம்பாமல் சிரித்தாளே, அவளுடைய அம்மா எழுந்து, என் கை மஞ்சளாக இருந்ததைத் தன் மகள் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாமா என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "பிள்ள சொல்லட்டும். பிள்ளைக்குப் பொய் சொல்ல என்ன தெரியும்?"

அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, பயம்கூட இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்று அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார். எனக்கோ தூண் ஓரத்தில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகள்தான் தெரிந்தார்கள். கையை மட்டும் ஆட்டினேன் என்று சொன்னால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என் கதி என்ன? ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஒரு பள்ளிக்கூட மத்தியானத்தை வைத்தேன். மத்தியானம் கனத்தது.

"ரெண்டு முடிச்சும் நான்தான் போட்டேன்," என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நிச்சயம் அத்தோடு போயிற்று. ஒரு மாதத்துக்குள் அக்கா, படக்காரர்களோடு வந்திருந்த கோலாலம்பூர்ப் பெண்மணி ஒருவரின் முகவரியை வைத்துக்கொண்டு, தானா ராத்தாவில் காலைப் பேருந்து ஏறினார். மேடை நாடகம், பிறகு சிங்கப்பூர்த் தொலைக்காட்சி, பிறகு விமானம். நாசி லெமாக் சோறு மடித்து வந்த ஆங்கிலப் பேப்பரில் அவர் படத்தைப் பார்த்தவர்கள் அதை எண்ணெய்க்கறையோடு வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். காலப்போக்கில் பேச்சும் மாறியது. "ஒன் கைராசிதான் அவள ஒலகத்துக்கே அனுப்பிருச்சு" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டேன். எழுத்துக்காரியானபின் கூட்டங்களில் சொல்லிக் கைத்தட்டும் வாங்கினேன். பத்து வயதில் சொன்ன பொய்க்குக்கூட ஏதாவது மன்னிப்பு இருக்கலாம். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் மைக்கைப் பிடித்துச் சொன்னதற்கு என்ன இருக்கிறது?

அத்தை மட்டும் லைனிலேயே இருந்தார். மகள் எத்தனை முறை கூப்பிட்டும் போகவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெரட்டில் அவர் பெயரைப் படித்தால் "இருக்கேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். கையை மட்டும் தூக்குவார். மண்டோர் முதலில் அதட்டினார், பிறகு பழகிக்கொண்டார். பள்ளிக்கூடம் போகிற வழியில் களத்தைத் தாண்டும்போது, குரல்களுக்கு நடுவே ஒரு இடத்தில் சத்தம் அறுந்து, கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருவதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். அம்மன்மேல் சத்தியம் செய்து பொய் சொன்னவள் என்ற பேரோடு அவர் ஓய்வு பெற்றார். அந்தப் பேரோடுதான் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அக்கா வந்திருந்தார், வாடகைக் காரில், சாதாரண வெள்ளைப் புடவையில். அன்றைக்கு அவரைப் பொடரியில் கண்ணா என்று கேட்ட வாய்களின் பிள்ளைகள் கைப்பேசியோடு வரிசையில் நின்றார்கள். மாமன் மகன்கூட ஒரு பெட்டி முட்டைக்கோஸோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, கூச்சத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்தபின் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார் அக்கா. உலகம் சுற்றிய வாயில் லைன் தமிழ் அப்படியே இருந்தது.

"நாத்தனாரே, சௌக்கியமா?" என்றார். சிரித்தேன். "அந்தப் படம் பாத்தியா பாப்பா?"

"இல்லக்கா. இங்க வரவே இல்லியே."

"நான் வெளிநாட்டுல மொதமொதப் பெரிய தெரையில பாத்தப்ப என் மூஞ்சியப் பாக்கல. ஒன் வெரலத்தான் பாத்தேன். கயித்தத் தொடவே இல்லியே புள்ள."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம், நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. "சின்னப் புள்ளக்கா அப்ப. ஒண்ணும் ஞாபகமில்ல," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்ப்பதுபோல. பிறகு குழாயை மூடினார். "என்னவிட நல்லா நடிக்கிற," என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

போன மாதம் தோட்டத்து இளைஞர்கள் அந்தப் படத்தை எங்கோ தேடிப்பிடித்து என் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். கோயில் திருவிழாவில் திரைபோட்டுக் காட்டப்போகிறார்களாம். முடிச்சுப் போட்டவர் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பார்த்தேன். இரண்டு விநாடி. மஞ்சள் சொட்டுகிற கயிறு, அக்காவின் பின்கழுத்து, அதற்குப் பக்கத்தில், துளி மஞ்சள் இல்லாமல், காற்றைத் துழாவுகிற பத்துச் சின்ன விரல்கள். அத்தை சொன்ன அத்தனையும் அங்கே இருந்தது. நாற்பது வருடமாக உலகத்தின் பல ஊர்த் திரைகளில் அவர் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, இந்தத் தோட்டத்தைத் தவிர.

பேசப் போகிறேன். அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, விரல்களைக் காட்டப்போகிறேன். ஆனால் யாருக்கு? மண்டபத்தில் அன்று உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. பூசாரி இல்லை, மாமா இல்லை. எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். முனியம்மா அத்தையின் அடுப்பு இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் நிற்கின்றன, எதிர்ச்சரிவு முழுக்கக் காய்கறிப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள். பெரட்டுக்களம் மட்டும் மிச்சமிருக்கிறது. நேற்று விடிகாலையில் போய் நின்று பார்த்தேன். வங்காளதேசத்து, நேப்பாளத்து ஆட்கள் வரிசையில் வந்தார்கள். யாரும் பெயர் படிக்கவில்லை, யாரும் "இருக்கேன்" என்று சொல்லவில்லை. சுவரில் ஒரு சிறிய இயந்திரம். ஒவ்வொருவராக வந்து அதில் விரலை வைத்தார்கள், அது பச்சையாக ஒளிர்ந்தது, போனார்கள். வாயை அது கேட்கவே இல்லை.