சிரட்டைக்கு வெளியே சொட்டிய பால்

காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் பேருந்து ஏறி, மார்த்தாண்டத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அருமனைக்குப் பத்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். அதையும் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு மண்பாதை. பென்சிலுக்குள் வைக்கும் கரியை அந்தக் காலத்தில் அங்கே சுரங்கம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தோண்டியவர்கள் ஒரு வரைபடத்தைக்கூட விட்டுப் போகவில்லை. மேலே நிலம் இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை.

"அடியில வெறும் குழியாமே சாரே? நான் இங்ஙனயே நிக்கேன்" என்று ஆட்டோக்காரர் மண்பாதை முனையிலேயே இறக்கிவிட்டார்.

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். செல்லத்துரை பதினெட்டு வருடம் துபாயில் வெல்டிங் வேலை பார்த்துக் கட்டிய வீடு. மறுநாள் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். முற்றத்தில் பந்தல், இருநூறு நாற்காலி. சுவரில் ஒரு கீறல் கிடையாது. சுரங்கத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கு இவ்வளவு ஒழுங்கு ஆகாது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நல்லா பாத்துக்கிடுங்க சாரே, ஒரு கொறையும் இல்ல" என்றபடி செல்லத்துரை என் முதுகை ஒட்டியே நடந்தார்.

ஒன்பதரைக்குத் தோட்டத்துக்குள் போனேன். அவர் மனைவி ஸ்டெல்லா மரங்களில் கட்டிய கொட்டாங்கச்சிச் சிரட்டைகளிலிருந்து ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரிசையில் மட்டும் பால் வெட்டுத் தடத்தை விட்டுப் பட்டையில் வழிந்து, சிரட்டைக்கு வெளியே மண்ணில் கிடந்தது.

"கை கோணிப்போச்சா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"இருவது வருசமா வெட்டுதேன், எனக்க கை கோணாது. ஒரு மாசமா இந்தப் பதினோரு மரமும் இப்பிடித்தான். சிரட்டைய மாத்தி மாத்திக் கட்டிப் பாத்தாச்சு."

தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பதினோரு மரமும் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. இறங்குவது வீட்டுக்கு அடியில் உள்ள மண்.

திரும்பி வந்து கூடத்துத் தரையைத் தட்டினேன். வெறும் பானையைத் தட்டிய சத்தம். சுவரில் கீறல் இருந்ததா என்று கேட்டேன். செல்லத்துரை பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. நாலு நாளா உக்காந்து கீறல்ல புட்டி பூசி அடச்சது ஆரு?" என்றார் வாளியோடு பின்னால் வந்த ஸ்டெல்லா.

"ஜெபத்துக்கு ஆளு வரும்லா. கீறுன வீட்டயா காட்டுவாவ?" என்றார் செல்லத்துரை.

கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் காட்ட முடியவில்லை. மண்ணைத் துளைத்துச் சோதிக்கும்வரை யாரும் இங்கே தங்கக் கூடாது, ஜெபமும் இங்கே வேண்டாம், இன்றே இறங்கிவிடுங்கள் என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். நான் கிளம்பும்போது செல்லத்துரை வழிமறித்தார்.

"உள்ளதச் சொல்லுங்க சாரே. உங்களுக்க வீடுன்னா இறங்குவியளா?"

"உடனே இறங்குவேன்."

தலையாட்டிவிட்டு, கட்டிலைக் கழற்ற உள்ளே போனார்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பதில் உறுத்தியது. நாகர்கோவிலில் நான் இருப்பது வாடகை வீடு. சொந்தமாக ஒரு சுவர்கூட எழுப்பியதில்லை. அதையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.