இருங்கோ என்ற சொல்

அந்த விமானத்தில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், ஏறியவர்களைக் கவனிக்க ஒரு பணிப்பெண் இருந்தார். அம்மா இல்லை. தேயிலைக் கொழுந்து மும்முரமான மாதம். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் தோட்டத்து வேலைக் கணக்கான செக்றோலில் ஒரு பேர் குறையும்; ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை, அன்றைய சம்பளமும் போகும். "ஒங்க அண்ணன பாக்க நீங்க போங்க. எம் பேர நான் விடமாட்டேன்" என்றவள் றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும்கூட வரவில்லை. அப்பாவை ஒரே அதட்டலில் உட்காரவைக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான்.

பெரியப்பா திருச்சிப் பக்கத்தில் படுத்துவிட்டதாகத் தந்தி. ரயில், கப்பல் என்று போனால் நாள் கணக்காகும். தோட்டப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்து விமானத்துக்கு டிக்கெட் வாங்கினேன். பெரியப்பாவை உயிரோடு பார்த்தோம். நான் எழுத வந்தது வழியில் நடந்ததை.

யாழ்ப்பாணத்தில் ஆள் இறக்கி ஏற்றிக்கொண்டு விமானம் கடலுக்கு மேல் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன், மாட்டினேன். சட்டைப்பையில் தந்தி இருக்கிறதா என்று தடவினேன். ஜன்னலில் வெள்ளை, பிறகு சாம்பல். அப்பாவுக்கு வேறு அவஸ்தை. பணிப்பெண் வரும்போதெல்லாம் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். தோட்டத்தில் துரை வந்தால் அப்படித்தான். நாற்பது வருஷப் பழக்கம்.

"ஒக்காருங்கப்பா. அவங்களும் வேல செய்யிறவங்கதான்."

"காலுல சப்பாத்து போட்டிருக்கு பாரு. வேல செய்யிறவங்க எங்கடா சப்பாத்து போட்டாங்க? பெரிய வாத்தியாரு!"

விமானம் குலுங்கியது. முன்னால் பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண்ணின் இருக்கை கடைசியில், கதவுக்குப் பக்கத்தில். எல்லோரும் பெல்ட் மாட்டிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் அவர் அங்கே போய்த் தன் பெல்ட்டை மாட்ட முடியும். இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்தார். அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"ஐயா, இருங்கோ" என்றார் அவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

எங்கள் பேச்சில் 'இருங்க' என்றால் பொறுங்கள், அப்படியே இருங்கள். அப்பா அப்படியே நின்றார்.

"இருங்கோ ஐயா, கெதியா இருங்கோ!" என்று அவசரப்படுத்தினார்.

"இருக்கேங்க, இருக்கேங்க" என்று அப்பா இன்னும் விறைத்து நின்றார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹட்டனில் எனக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து வாத்தியார் 'இரும்' என்றதும் தினமும் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் கேட்டவன் நான் ஒருவன்தான். ஆனால் அந்த நேரம் பணிப்பெண்ணிடம் இங்கிலீஷில் சொல்ல ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா உங்களுக்கு மரியாதை செய்கிறார், நீங்கள் போய் உட்கார்ந்தால் அவரும் உட்காருவார் என்று. பிழையில்லாமல் சொல்ல வேண்டுமே. நடுவில் ஒரு வினைச்சொல் சரியாக வரவில்லை.

நிற்கிற மனிதரை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? அப்பாவின் தோளில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். அப்பா உட்கார்ந்ததும் விமானம் பொத்தென்று கீழே போனது. நான் அப்பாவை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். பிடிக்க ஒன்றும் இல்லாத அந்தப் பெண் மேலே போய்க் கூரையில் இடித்து, பக்கத்து இருக்கையின் கைப்பிடி மேல் விழுந்தார். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது.

தரையில் கிடந்தபடியே கேட்டார்: "ஐயாவுக்கு ஒண்டும் இல்லையே?"

திருச்சியில் ஒரு டாக்டர் வந்து மணிக்கட்டுக்குப் பலகை வைத்துக் கட்டினார். அப்போதுதான் என் இங்கிலீஷ் வாக்கியம் முழுசாக வந்தது. சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும், 'இருங்கோ' என்றால் அவர்கள் ஊரில் உட்காருங்கள் என்று அர்த்தம் என்றேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் போனார்.

"எத்தன நாளும்மா ஆகும்?"

"ஆறு கிழமை பறக்க ஏலாதெண்டு டொக்டர் சொல்லுறார், ஐயா."

"பறக்காட்டி சம்பளம்?"

"பறந்தால்தானே அந்தக் காசு" என்று சிரிக்கப் பார்த்தார்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் அப்பா வெகுநேரம் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் புள்ளைக்கு முப்பத்தாறு பேரு போச்சு."