கயிற்றில் துடித்த நாடி

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் சங்கு சேர்த்துவைக்கிற கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார். காலையில் ஜெபம் பண்ண உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். பியூன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே என் உள்ளங்கையில் அந்தக் கயிறு ஒரு தரம் சில்லிட்டது. பங்குனி வெயில், காய்ந்த கயிறு. நம்புகிறவர்கள் நம்பலாம்.

டீச்சரிடம் நாலாம் வகுப்பு படித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் வாசிக்கப்போகிற நினைவு மலர் இது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பையும் இரண்டு தடவை படித்தவன். கூட்டிப் பார்த்தால் பத்தாவது.

டீச்சருக்கு ஊர் நாசரேத். குடை பிடித்துக்கொண்டு ஒருநாள் கடற்கரைக்கு வந்து, முப்பது அடிக் கயிறு இரவல் கேட்டார். எதற்கென்று கேட்டேன். "குடலுக்கு அண்ணாச்சி" என்றார். நான் இரண்டு எட்டு பின்னால் வைத்தது உண்மை. அப்புறம்தான் விளக்கினார். பெரிய ஆளின் சிறுகுடல் இருபது அடி, பெருங்குடல் ஐந்தடி, அவ்வளவும் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கிறதாம்.

கயிற்றோடு நானும் போனேன். வகுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி வாய், ஒருவன் இரைப்பை, மற்ற எல்லாரும் குடல். ஒரு துண்டு இட்லி கை மாறிக் கை மாறிப் போனது. கடைசி முனையை என்னிடம் கொடுத்தார்கள். அது எந்த இடம் என்று நான் எழுதமாட்டேன். அன்றைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "உள்ளே இப்படித்தான் இருட்டா இருக்கும். நாம தூங்குனாலும் அதுங்க தூங்காது. நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காமத்தான் எல்லாத்தையும் செய்யுது" என்றார். நாற்பது பிள்ளைகளும் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்கள். யாருடைய வயிறோ அந்த இருட்டில் மெதுவாக உறுமியது. என்னுடையது இல்லை.

அடுத்த வாரம் இதயப் பாடம். நன்றாக மூச்சு அடக்குகிற ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார். என் தங்கச்சி மாப்பிள்ளை மிக்கேலைக் கூட்டிப் போனேன். சங்கு குளிப்பதில் இந்தக் கரையில் அவனுக்கு நிகர் கிடையாது. அவன் இடுப்புக் கயிறு என் கையில்தான் இருக்கும். எங்கள் கடலில் அதுதான் வழக்கம். குளிக்கிறவன் கயிற்றை மச்சான் பிடிக்கவேண்டும். தங்கச்சி தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அல்லவா.

தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் மிக்கேல் முகத்தை அமிழ்த்தினான். பிள்ளைகள் வரிசையாக வந்து அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து எண்ணினார்கள். எண்ண எண்ணத் துடிப்பு தள்ளித் தள்ளி வந்தது. ஒரு சின்னப் பெண், மாமா செத்துட்டாரு என்று அழத் தொடங்கிவிட்டாள். மூச்சு இல்லாதபோது இதயம் சிக்கனமாக இருக்கும் என்று டீச்சர் அவளைத் தேற்றினார். நான் முன்னால் போய் அவன் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, எனக்குக் குதிரை மாதிரி ஓடுகிறதே என்றேன். டீச்சர் என் விரலை எடுத்துவிட்டார்.

"கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுது அண்ணாச்சி. அதால பிடிச்சா உங்க துடிப்பத்தான் நீங்க எண்ணுவீங்க. செத்தவன் கைகூட துடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

ஒரு மாதம் போயிருக்கும். எட்டுப் பாக ஆழம், ஒரு பாகம் ஆறடி. ஊருக்குள் பதினைந்து என்று சொல்லியிருக்கிறேன், டீச்சருக்காகக் குறைத்துக்கொள்கிறேன். மிக்கேல் இறங்கினான். கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால்தான் இழுக்கவேண்டும். அதற்கு முன்னால் இழுத்தால் ஒரு முங்கு வீண், ஆளுக்கும் அவமானம். முன்பு ஒருதரம் அப்படி இழுத்ததற்கு அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கயிற்றைக் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். சுண்டு வரவில்லை. ஆனால் கயிற்றுக்குள் டுப் டுப் என்று துடித்தது. வள்ளத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன், மாப்பிள்ளையின் இதயமே எனக்குக் கயிற்றில் கேட்கிறது, பயம் இல்லை என்று. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. துடிப்பு நின்றபாடில்லை. அப்போதுதான் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

சுற்றைத் தளர்த்திக் கட்டைவிரலை வெளியே எடுத்தேன்.

கயிற்றில் ஒன்றும் இல்லை.

இழுத்தோம். மிக்கேல் வந்தான். கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. உதடு நாவல்பழ நிறம். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். கரைக்குப் பாதி தூரம் வந்தபோதுதான் இருமினான். முதலில் அவன் கேட்டது, யாருலே எண்ணுனது என்று. கீழே ஒரு பொம்பளைக் குரல் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணிக்கொண்டே இருந்ததாம்.

விளமீன் இரண்டு வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு சுறாவையும் சேர்த்துக்கொண்டேன். "சுறா வேண்டாம் அண்ணாச்சி, மிச்சத்தச் சொல்லுங்க" என்றார். எல்லாம் கேட்டபின், மிக்கேலின் காதுக்குள் அவன் ரத்த ஓட்டமே கேட்டிருக்கும், தண்ணீருக்கடியில் அப்படிக் கேட்பது உண்டு என்றார். அது சரி டீச்சர், எண்ணின குரல் யாருடையது என்றேன். அவர் மீனை எடுத்துப் போய்ச் சட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

டீச்சர் அடக்கத்துக்கு எங்கள் குடும்பமே போனது. பெட்டிக்குப் பக்கத்தில் மிக்கேல் தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்பவன்போல நின்றான். தங்கச்சி என்னைத் தனியே இழுத்தாள். இத்தனை நாளாக அவள் கேட்காத கேள்வி.

"ஏண்ணே, அன்னைக்கு கயித்துல எவ்வளவு நேரம் அது உன் துடிப்பா இருந்துச்சு?"

அந்தக் கதையை நான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை எதையும் சேர்க்கவில்லை.

"தெரியாது ஏளா" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

மிக்கேல் இன்னும் இறங்குகிறான். கயிறு இன்னும் என் கையில்தான். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: கட்டைவிரலை ஒதுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாத கயிற்றை நாலு விரலில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு நிதானமாக எண்ணுகிறேன். ஐம்பது வந்தால் சுண்டு வராவிட்டாலும் இழுத்துவிடுவேன். அவன் திட்டிக்கொண்டே மேலே வருவான். கீழே யார் குரல் கேட்டது என்று நான் கேட்பதில்லை.