கோதையிடம் இருந்த ஒரே படம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்களுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். எங்கள் தெருக் கோதைக்கு அது இன்னும் ஒரு படி அதிகம். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. அங்கே பிள்ளைகளை அதட்டினால் மெயின் ரோடு வரை கேட்கும். வாய்க்காரி என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அவளுக்கு நடந்தது அவர்களுக்கு நடந்திருந்தால் தெரியும்.

கோதைக்கும் தறி ஓட்டும் தணிகைவேலுக்கும் ஒரே பையன், ஸ்ரீஹரி. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன். திருமலையில் முடி இறக்குவதாக வேண்டுதல். அதுவரை போட்டோ எடுத்தால் கண் பட்டுவிடும் என்று வீட்டில் கண்டிப்பு. ஆனால் முடி இறக்கப் போகும் முன் ஒரு படம் உண்டு. பையனுக்குப் பாவாடை சட்டை போட்டு, பூ வைத்து ஜடை பின்னி, நெற்றிச்சுட்டி கட்டி ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போவார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் கண் படாதாம். ஜடை தெரிய வேண்டும் என்று பின்னால் கண்ணாடி வைத்து, பிள்ளையைத் திருப்பி நிறுத்துவார்கள். முகம் பாதிதான் விழும்.

அவனுக்கு மூன்று வயதில் மலைக்குப் போனார்கள். மொட்டை அடித்து, சாமி பார்த்து, கீழே இறங்கித் திருப்பதியில் ஊர் பஸ்ஸுக்காக நின்றார்கள். பஸ் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கத் தணிகைவேல் போனார். கோதையின் தோளில் இருந்த லட்டுப் பை நழுவியது. பையனின் கையை விட்டுவிட்டுப் பையைப் பிடித்தாள். நிமிர்ந்தபோது அவன் இல்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலையைத் தேடி ஓடினாள். திருப்பதியில் மொட்டைத் தலைக்கா பஞ்சம்? எத்தனை பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாளோ, பாவி மகள். ஒன்றும் அவன் இல்லை.

போலீஸ் போட்டோ கேட்டது. தணிகைவேல் ஊருக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த ஜடைப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். வேறு படமே கிடையாது. ஆண் குழந்தை, மொட்டைத் தலை என்று நோட்டீஸில் தெலுங்கில் தெளிவாகத்தான் அச்சடித்தார்கள். யார் படிக்கிறார்கள்? எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். காளஹஸ்தியில் ஒரு பிள்ளை, வடமாலபேட்டையில் ஒரு பிள்ளை என்று போன் வரும். இருவரும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். அத்தனையும் பெண் பிள்ளைகள்.

ஒரு காப்பகத்தில் படத்தைப் பார்த்ததும், இங்கே பையன்கள் மட்டும்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோதை கதறிச் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. மறுநாள் போலீஸோடு போனபோது உள்ளே விட்டார்கள். அவன் அங்கே இல்லை. முந்தின நாள் உள்ளே இருந்தானோ என்ற சந்தேகம் இன்றுவரை அவளை அரிக்கிறது. எங்கேயாவது உயிரோடு இருந்தால் இப்போது அவனுக்கு மீசை அரும்பியிருக்கும்.

அதன் பிறகு பல வருடம், திங்கட்கிழமைகளில் சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் அர்ஜி கொடுப்பாள். பிள்ளைகளின் படமும் கைரேகையும் எடுத்துவைக்க அரசு செலவு செய்ய வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. போன மாதம் நிதி வந்தது. அவள் அர்ஜியால் வந்தது என்று நான் கதை விடமாட்டேன். எங்கோ யாரோ முடிவு செய்தார்கள், அங்கன்வாடிக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பிளாஸ்டிக் உறைகள், போட்டோ ஒட்டிக் கைரேகை வைக்க அட்டைகள், மை டப்பா. பிள்ளை காணாமல் போனால் உறையை அப்படியே போலீஸிடம் கொடுக்கலாம். பெட்டி தீர்ந்தால் அடுத்தது வருமா என்பது யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்குப் படமும் கைரேகையும் எடுக்க அங்கன்வாடியில் முகாம் நடந்த அன்று பிரித்திகா என்ற இளம்பெண் மகனோடு வந்தாள். பையனுக்குத் தோள்வரை முடி. மறுநாள் மலைக்குப் போகிறார்களாம். கைரேகை வைக்கச் சம்மதித்தவள் போட்டோ என்றதும் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"முடி எறக்கினு வந்து எடுத்துக்கலாம்க்கா. அதுக்குள்ள எடுத்தா கண்ணு பட்டுடும்னு மாமியாரு சொல்லிக்கீறாங்க."

"எந்தக் கண்ணு? போலீசுக்காரன் கண்ணுல பட வேணாவா?" கோதை கத்திய கத்தலில் வரிசையில் நின்ற பிள்ளைகள் அழத் தொடங்கின. "இப்போ ஒண்ணு எடு. மொட்டை அடிச்சதும் போன்ல இன்னொண்ணு எடு. ரெண்டும் வேணும்."

"கோச்சிக்காதீங்கக்கா. நான் வரேன்" என்று பிரித்திகா செருப்பை மாட்டினாள்.

கோதை அலமாரியைத் திறந்து, கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள்.

பிரித்திகா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். "உங்க பொண்ணாக்கா? லட்சணமாக்கீது. கட்டிக் குடுத்துட்டீங்களா?"

"பையன்ம்மே" என்றாள் கோதை. "மொட்டை அடிச்ச அன்னிக்கே திருப்பதில தொலைச்சிட்டேன். போலீசுக்கு இதைத்தான் குடுத்தேன்."

பிரித்திகாவின் சிரிப்பு செத்துப்போனது. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகனை நாற்காலியில் உட்கார வைத்தாள். முகத்தில் விழுந்த முடியை இரண்டு கையாலும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிப் பிடித்தாள். நேர்முகமாக ஒரு படம் எடுத்தார்கள். பிறகு கோதை பையனின் விரல்களை மையில் தொட்டுத் தொட்டு அட்டையில் ஒற்றினாள். வேலை முடிந்தும் கையை விடவில்லை.

"வுடு ஆயா, வலிக்குது" என்றான் பையன்.