சித்தி விட்ட விராலும் டாலாவுக்குத் திரும்பி வந்த நீர்நாயும்

இன்று காலை, நகரத்திலிருந்து ஆற்றைக் கடந்து எதிர்க்கரை டாலாவுக்குப் போகும் படகில்...

என் கையில் ஒரு சுருள் கட்டுக்கம்பி! நகரத்தில், பபேடான் பகுதியில் நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் வாங்கியது. சித்தப்பா போனில் கேட்டிருந்தார்.

எதற்கு? நீர்நாய்க்குக் கண்ணி வைக்க!

டாலாவில் நீர்நாய் என்பது சித்தப்பா சின்ன வயதில் பார்த்ததோடு சரி. போன வருடம் காட்டு விலங்குகளைக் காக்கும் குழு ஒன்று ஊர்க் கால்வாயில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விட்டது. குட்டியும் போட்டாகிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது, சித்தப்பாவைத் தவிர. கால்வாயை ஒட்டித்தான் அவருடைய மீன்குளம். அந்தக் குளம்தான் வீட்டுக்குச் சோறு.

"முழு ரோகு மீனு! தலைய மட்டும் மிச்சம் வச்சிட்டுப் போவுது! இன்னைக்கு விடமாட்டேன்!"

(சித்தப்பா பர்மியர். சித்தியைக் கட்டித் தமிழ் கற்றவர். தமிழில் திட்டினால் நிஜமான கோபம் என்று அர்த்தம்!)

இன்று சித்தியின் பிறந்தநாள் வேறு. பிறந்தநாளன்று சந்தையில் உயிர்மீன் வாங்கி ஓடுகிற தண்ணீரில் விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அப்படி விட்டதைத் திரும்பப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பாவம்.

சித்தப்பா கரையில் உட்கார்ந்து கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி ஒரு வாளி விராலோடு கால்வாயில் இறங்கினார். முருகனையும் புத்தரையும் சேர்த்தே கும்பிட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்தார்.

அவ்வளவுதான்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு தலை! பக்கத்தில் இன்னொன்று! பின்னாலேயே மூன்று குட்டிகள்!

பத்தடி தூரம்தான் இருக்கும். மீசையில் தண்ணீர் சொட்ட, தாய் பாதி உடம்பை வெளியே தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய நகரத்துக்கு எதிர்க்கரையில், நம்மைச் சட்டையே செய்யாமல், இவ்வளவு அழகாக ஒரு காட்டு உயிர்!

முங்கியது. வாயில் விராலோடு எழுந்தது. குட்டிகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அதன் கழுத்தில் ஏறின.

(போட்டோ எங்கே என்று கேட்காதீர்கள். போன் பையில், பை வீட்டில், நான் வாயைப் பிளந்தபடி கரையில்.)

சித்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"அடியே! வேண்டிக்கிட்டு விட்ட மீனுடி அது! விட்டதப் புடிக்கிறது பாவம்னு தெரியாது?"

சித்தப்பா சிரிக்கவில்லை. பாதி முறுக்கிய கண்ணி கையில் அப்படியே இருந்தது. குட்டிகள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சித்தியிடம் திரும்பினார்.

"கலா... அதுகளயும் யாரோ விட்டதுதானே?"

சொல்லிவிட்டு, முறுக்கிய கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் முழுக்க மூன்று பேரும் குளத்தைச் சுற்றி வலை கட்டினோம். கண்ணிக்கு வாங்கிய கம்பி அதற்குத்தான் போனது. என் விரலெல்லாம் கீறல்! வலை தாங்குமா என்று தெரியாது. நீர்நாய் ரொம்பக் கெட்டி. அடுத்த வாரமே சித்தப்பா மறுபடியும் தமிழில் திட்டினாலும் திட்டலாம்.

நான் கிளம்பும்போது சித்தி மெதுவாகச் சித்தப்பாவிடம் கேட்டார்.

"அப்ப அடுத்த பொறந்தநாளுக்கு மீன எங்க கொண்டுபோய் விடறது?"

"இங்கேயேதான். ஆனா ரெண்டு வாளியா வாங்கு!"